பறவை திரும்பவே மாட்டேங்குதா? படத்தில் தெரியும் கோளாறைப் பார்த்துச் சரிசெய்ய

ஆனி மாதம், நெல்லைச் சீமையில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக் கரை, காலை ஏழரை மணி. ஐம்பது அடி தள்ளி ஒரு கருவேல மரத்தில் ஏழெட்டுச் சங்குவளை நாரைகள். இளவெயில் என் முதுகில். லென்ஸ் தயார். ஏழெட்டும் எனக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. நாக்கால் ‘ட்ளக்’ என்று சத்தம் கொடுத்துப் பார்த்தேன். சீட்டியடித்தேன். ஒன்றுகூடக் கழுத்தைத் திருப்பவில்லை. ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, காத்து மேக்கல்லா அடிக்கு. அது மேக்க பாத்துதான் நிக்கும். நீங்க கெழக்க உக்காந்துகிட்டு கூப்பிட்டா திரும்புமாக்கும்?”

சொல்லிவிட்டு ஆடுகளோடு போய்விட்டார். அன்றைக்கு எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் பறவையைத் திருப்பப் பார்ப்பதை அன்றோடு விட்டேன். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் பார்த்து அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். கீழே இருப்பவை அப்படிச் சேர்ந்தவை. உங்கள் படத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ நேரே அதற்குப் போகலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

எடுத்த படமெல்லாம் முதுகும் வாலும்

காற்றைப் பாருங்கள். பெரும்பாலான பறவைகள் காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும், உட்காரும். பின்னாலிருந்து காற்று வந்தால் இறகுக்குள் புகுந்து கலைத்துவிடும், நிலைகொள்ளாது. சட்டென்று எழும்புவதற்கும் எதிர்காற்றுதான் தோது. உடம்பு பெரிதாக, கால் நெட்டையாக, மரத்து உச்சியில் நிற்கிற பறவையாக இருந்தால் இது இன்னும் கண்டிப்பு. நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் இந்த வகை.

இந்தச் சீமையில் காற்றைக் கணிப்பது சுலபம். வைகாசிக் கடைசியில் பிடித்தால் புரட்டாசி வரைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்றாலையே உங்களுக்குத் திசைகாட்டி. இறக்கை பொருத்திய அதன் முகம் எப்போதும் காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அது பார்க்கிற திசையில்தான் குளத்து நாரையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதோடு வெயிலைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காற்றுக்காலத்தில் காலையில் வெயிலை முதுகில் வாங்கினால் நீங்கள் பறவைக்குக் கிழக்கே நிற்பீர்கள். பறவையோ மேற்கே பார்க்கும். வெளிச்சம் அருமையாக இருக்கும், படத்தில் வால்தான் இருக்கும். அதே மரத்துக்குச் சாயங்காலம் நாலரைக்கு மேற்குப் பக்கமாகப் போங்கள். வெயிலும் முதுகில், பறவையின் முகமும் உங்கள் பக்கம். “காலை வெளிச்சத்தில்தான் எடுக்கணும்” என்று யாரோ எங்கேயோ எழுதி வைத்ததை நம்பி ஆனி, ஆடி முழுக்க விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்த ஆள் நான். தூக்கம் போனதுதான் மிச்சம். ஒரு எச்சரிக்கை: மேற்கே நிற்கும்போது காற்று உங்களைத் தாண்டித்தான் பறவைக்குப் போகிறது. நீங்கள் பையின் ஜிப்பை இழுப்பதுகூட அதற்குக் கேட்கும்.

ஐப்பசிக்கு மேல் கதை மாறும். வாடை வடகிழக்கிலிருந்து வரும், பறவையும் அந்தப் பக்கம் திரும்பும். அப்போது காலைதான் உங்களுடையது. வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து போன்ற விருந்தாளிகள் கூந்தன்குளத்திலும் விஜயநாராயணம் பெரிய குளத்திலும் இறங்குவது இந்தப் பருவத்தில்தான் என்பதால், குளிர்கால வாத்துக்குக் காலை, காற்றுக்கால நாரைக்குச் சாயங்காலம் என்று நான் மனதில் வைத்திருக்கிறேன்.

பறவை வந்து இறங்குவதைப் பிடிக்கவும் இதே கணக்குதான். இறங்கும்போது அது காற்றை எதிர்த்து வரும். காற்று வரும் பக்கம் நீங்கள் இருந்தால் விரித்த இறக்கையும் நீட்டிய காலும் முகமும் உங்களை நோக்கி வரும்.

விடியலில் காற்று விழுந்து கிடக்கும்போது இது எதுவும் செல்லாது. பறவை இஷ்டத்துக்கு நிற்கும். அப்போது அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

பக்கவாட்டில்தான் நிற்கிறது, ஆனால் தலை கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விடுகிறது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் நிற்கிற பறவை உங்களைப் பார்க்கவில்லை என்று நினைத்தால் தப்பு. பெரும்பாலான பறவைகளுக்குக் கண் தலையின் இரு பக்கத்திலும் இருக்கிறது. ஒன்றை உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் பல பறவைகள் தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு கண்ணால்தான் பார்க்கும். கோழி உங்கள் கையில் இருக்கும் தானியத்தை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். ஆகவே பறவைக்கு நீங்கள் தெரிவதும், படம் பார்ப்பவருக்குப் பறவை தன்னைப் பார்ப்பதாகத் தோன்றுவதும் வேறு வேறு சமாச்சாரம். நமக்கு வேண்டியது இரண்டாவது. அது தலையின் கோணத்தில் இருக்கிறது.

நான் வைத்திருக்கும் அளவு: அலகின் நுனி, கண்ணைவிட உங்களுக்கு ஒரு துளி அருகில் இருக்க வேண்டும். சரியான பக்கவாட்டிலிருந்து ஐந்து, பத்து டிகிரி நம் பக்கம் திரும்பினால் போதும். அதே அளவு அந்தப் பக்கம் போனால் பறவை படத்தை விட்டு வெளியேறுவது போல ஆகிவிடும். பெரிதாக்கிப் பார்த்து, அலகு நுனி கண்ணைவிடத் தூரத்தில் இருந்தால் நான் யோசிக்காமல் அழித்துவிடுவேன்.

அந்தப் பத்து டிகிரியை எப்படி வாங்குவது? பறவையின் கவனம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். சிறுநீல மீன்கொத்தி மடைக்கல்லில் உட்கார்ந்தால் தண்ணீரைப் பார்த்துத்தான் உட்காரும். ஆனால் நாமோ கரையில், அதன் பின்னால், தடம் இருக்கிற இடத்தில் நிற்கிறோம். சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போங்கள். மீன்கொத்திக்கும் உங்களுக்கும் நடுவில் தண்ணீர் இருக்க வேண்டும். வாய்க்கால் குறுகலாக இருந்தால் இன்னும் விசேஷம். பாளையங்கால்வாய் ஓரத்தில் இப்படி எதிர்க்கரையில் உட்கார்ந்தே பல நாள் வேலை முடிந்திருக்கிறது.

பஞ்சுருட்டானுக்கு மின்கம்பியும் பட்ட கொப்பும் போதும். அது தண்ணீரைப் பார்க்காது, பூச்சி பறக்கும் வெளியைப் பார்க்கும். நட்ட வயல், எள்ளுப் பூத்த காடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உங்கள் முதுகு இருக்கட்டும். உங்கள் தலைக்கு மேலே பூச்சி பறந்தால் அது உங்கள் தலைக்கு மேலே பார்க்கும், படத்தில் உங்களையே பார்த்தது மாதிரி விழும். எழும்பிப் பூச்சியைப் பிடித்துவிட்டு பெரும்பாலும் அதே கொப்புக்கே திரும்பி வரும். முன்கூட்டியே ஃபோகஸைக் கொப்பில் பூட்டி வைத்துக் காத்திருக்கலாம். பனங்காடையும் கரிச்சானும் இதே பழக்கம்தான்.

மடையான் வேறு மாதிரி. வரப்பில் கூனிக்கொண்டு சிலையாக நிற்கும். அலகுக்குக் கீழே பார்க்கும்படியான கண் அதற்கு. நிமிராமலே காலடித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். அதை நிமிர வைக்க நினைக்காதீர்கள். நீங்கள் படுத்துக்கொண்டு அந்தக் கண் உயரத்துக்கு இறங்குங்கள். சட்டையில் ஒட்டும் சேறு துவைத்தால் போய்விடும்.

திரும்பிப் பார்த்தது, அடுத்த நொடி பறந்துவிட்டது

இதை நான் வெற்றி என்று கொண்டாடின காலம் உண்டு. “நேரா என்னையப் பாத்துச்சு!” என்று நண்பர்களுக்கு அனுப்பிய படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே முகம்தான். கழுத்து கம்பி மாதிரி நீண்டு, இறகு உடம்போடு ஒட்டி, கால் மடங்கி எழும்பத் தயாராக. அது பார்வை இல்லை, பயம். பறவை தெரிந்தவர்கள் யாரும் அந்தப் படத்தை இரண்டு நொடிக்கு மேல் பார்க்க மாட்டார்கள்.

பறப்பதற்கு முன் பறவை சொல்லிவிட்டுத்தான் பறக்கும். கோதிக்கொண்டிருந்தது நிறுத்தும். மேய்ந்துகொண்டிருந்த தலை நிமிர்ந்து நிமிர்ந்தபடியே நிற்கும். உங்களிடமிருந்து மெல்ல விலகி நடக்கும். பருந்து, மீன்கொத்தி என்றால் எச்சமிடும், உடம்பைக் குறுக்கும். இதில் எதைக் கண்டாலும் அப்படியே நில்லுங்கள், கேமராவை இறக்குங்கள், பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள். மறுபடி மேய ஆரம்பித்தால் நீங்கள் மன்னிக்கப்பட்டீர்கள். இரண்டு அடி முன்னேறலாம். ஆரம்பிக்கவில்லை என்றால் இரண்டு அடி பின்னால் வாருங்கள்.

நேர்கோட்டில் நெருங்காதீர்கள். கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரை கூடு கட்டுகிறது. கீழே பெண்கள் பாத்திரம் கழுவுவார்கள், பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், மேலே ஒரு அசைவு இருக்காது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அதே மரத்தடிக்கு வெளியூர்க்காரர் ஒருவர் கறுப்புக் குழாயை முகத்தில் வைத்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கி வந்தால் அத்தனை கழுத்தும் நிமிரும். மனிதர் வருவது அதற்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை, பூனை மாதிரி வருவதுதான் பிரச்சினை. வயக்காட்டிலும் பாருங்கள், மண்வெட்டி பிடித்தவர் பின்னாலேயே கொக்கு நடக்கும். நான் இப்போதெல்லாம் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வேறெங்கோ போகிறவன் மாதிரிச் சாய்வாக நடந்து, போகிற போக்கில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்த பின் கால் மணி நேரம் கேமராவைத் தொடுவதில்லை. முப்பது நிமிஷம் இன்னும் நல்லது.

கார் இருந்தால் அதுவே மறைப்பு. என்ஜினை அணைத்து, கண்ணாடியை முன்பே இறக்கி வைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே எடுங்கள். பழைய பேன்ட் காலைக் கத்தரித்து இரண்டு பக்கமும் தைத்து உள்ளே நெல்லை நிரப்பினால், ஜன்னலில் லென்ஸைத் தாங்க அதைவிட நல்ல மெத்தை கிடையாது.

ஆட்காட்டி இருக்கும் இடம் என்றால் கூடுதல் கவனம். பெயரே அதுதானே, ஆளைக் காட்டிக் கொடுக்கும். அது ஒரு குரல் கொடுத்தால் குளமே உங்களைப் பார்க்கும். எல்லாம் கேமராவைப் பார்க்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், ஒன்றிலும் உயிர் இருக்காது. அது ஓயும்வரை வேறு இடத்துக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

சத்தம் கொடுத்தேன், பலன் இல்லை

பலன் இருந்தாலும் கொடுக்காதீர்கள். முதல் சத்தத்துக்குத் தலை திரும்பும், இரண்டாவதுக்கு எழும்பும். திரும்பத் திரும்பக் கேட்டால் மூன்றாவது நாள் உங்களைக் கண்டதுமே போய்விடும்.

செல்போனில் பறவைக் குரலை ஓடவிடுவது இன்னும் மோசம். இதை உபதேசமாகச் சொல்லவில்லை, செய்திருக்கிறேன். ஒரு மாந்தோப்பில் மாம்பழச்சிட்டுக் குரலைப் போட்டேன். ஆண் குருவி உடனே வந்தது, எதிரில் வந்து என்னைப் பார்த்துக் கத்தியது, படமும் கிடைத்தது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டான் என்று நினைத்து அது கொப்புக்குக் கொப்பு தாவி இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டே இருந்தது. நான் குரலை நிறுத்தி வெகுநேரம் ஆகியும் அது இரை தேடவில்லை. அலகு நிறையப் புழுவோடு வந்த பெண்குருவி இறங்கலாமா வேண்டாமா என்று மேலேயே நின்றது. அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் உயிர்களைச் சீண்டுவது குற்றம். காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை அந்தச் சட்டம் வேட்டையாடுதல் என்ற கணக்கிலேயே சேர்க்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டுக்குள் போகிறவர்கள் இதை இரண்டு முறை படித்துக்கொள்ளலாம். பொரி போட்டு இழுப்பதும் கல்லெறிவதும் இதே கணக்குதான்.

ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் நான் விதிவிலக்கு தருவேன், அதுவும் கூடு இல்லாத இடத்தில். கண்ணாடி மேலே எழும்பி விழுகிற பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் ஷட்டர் ஒலிக்கே பல பறவைகள் சற்றுத் தலை திருப்பும். முதல் ‘க்ளிக்’கில் திரும்பும், இரண்டாவது மூன்றாவதில் படம் இருக்கும். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத ஷட்டரில் இருந்தால் இது நடக்காது, நடக்காததில் நஷ்டமும் இல்லை.

நேராகவே பார்க்கிறது, ஆனால் மூஞ்சி என்னவோ போல இருக்கிறது

கேட்டது கிடைத்துவிட்டது, அதுதான் கோளாறு. அலகு உங்களை நோக்கி வந்தால் அதன் நீளம் முழுக்க ஃபோகஸின் ஆழத்துக்குள் அடங்க வேண்டும். முழு ஃப்ரேம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 5.6, 6 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏழெட்டு செ.மீ.தான். 600 மி.மீ., எஃப் 6.3, அதே தூரம் என்றால் 4 செ.மீ. கூட இல்லை. சங்குவளை நாரையின் அலகு அதைப் போலப் பல மடங்கு. கூழைக்கடாவுக்கு ஏறக்குறைய ஒரு அடி. கண் தெளிவாக இருந்தால் அலகு நுனி பஞ்சாகிவிடும், நுனி தெளிந்தால் கண் போய்விடும்.

துவாரத்தை எஃப் 11-க்கு மூடினால் அந்த 4 செ.மீ. ஆறு, ஆறரைக்குப் போகும், ஆனால் 6.3-இலிருந்து போவதற்கு ஐ.எஸ்.ஓ. (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) மூன்று மடங்கு ஏறும். பின்னால் தள்ளிப் போனால் ஆழம் சட்டென்று கூடும். 400 மி.மீ.யில் 6 மீட்டரில் ஏழெட்டாக இருந்தது 10 மீட்டரில் இருபதாகிறது. ஆகவே நெட்டை அலகுக்காரர்களை நேர்முகமாக எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. முக்கால் முகம் போதும். குட்டை அலகுள்ள சிட்டு, கரிச்சான், நாமக்கோழி இவற்றுக்கு எஃப் 8 வைத்துக் கண்ணில் ஃபோகஸ் போட்டால் சமாளிக்கலாம். கண்ணைத் தேடும் வசதியுள்ள கேமராவும் சில சமயம் அலகையோ முன்னால் இருக்கும் இலையையோ பிடித்துக்கொள்ளும். ஒரு புள்ளியை மட்டும் தேர்ந்து நீங்களே கண்ணில் வையுங்கள்.

ஆந்தைக்கு மட்டும் எல்லாமே தலைகீழ். பனம்பொந்திலோ பழைய மண்டபச் சுவரிலோ இருக்கும் புள்ளி ஆந்தைக்கு இரண்டு கண்ணும் முன்பக்கம். அதைப் பக்கவாட்டில் எடுத்தால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். பகலிலேயே வெளியே வந்து தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களை அளவெடுக்கும். நீங்கள் திருப்ப வேண்டிய அவசியமே இல்லாத ஒரே பறவை அதுதான். ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

திரும்பியது கண்ணுக்குத் தெரிந்தது, படத்தில் இல்லை

கண்டபின் விரலை அழுத்தினால் எப்போதும் பிந்தித்தான் போகும். திரும்புவதற்கு முன் வரும் அடையாளத்தைப் பிடியுங்கள். இறகு கோதி முடித்த பறவை உடம்பை ஒரு உதறு உதறும், அப்புறம் நாலு திசையும் பார்க்கும். கோதும்போது விரலை எடுத்து ஓய்வு கொடுங்கள். உதறத் தொடங்கியதும் அழுத்துங்கள். உதறலும் கிடைக்கும், பின்னால் வரும் பார்வையும் கிடைக்கும். மணிப்புறா, கானாங்கோழி மாதிரித் தலையை வெட்டி வெட்டி நடப்பவை தலையை முன்னால் தள்ளியதும் ஒரு கணம் அதே இடத்தில் நிறுத்திவைக்கும், உடம்பு மட்டும் பின்னால் வந்து சேரும். அந்த நிறுத்தத்தில் எடுத்தால் முகம் அசையாமல் இருக்கும்.

அமர்ந்த பறவைதானே என்று ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்துவிடாதீர்கள். உடம்பு அசையாது, தலை அசையும். 1/1000-க்குக் கீழே நான் இறங்குவதில்லை, தேன்சிட்டுக்கு அதற்கும் மேல். மூன்று நான்கு படமாகச் சிறு சிறு கொத்தாக எடுங்கள். இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கேமராவின் நினைவிடம் நிரம்பி அது திணறும். பறவை உங்களைப் பார்ப்பது சரியாக அந்தத் திணறலின்போதுதான்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் பால் படர்ந்த மாதிரித் தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். பறவைக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. கண்ணுக்குக் குறுக்கே ஓடி மூடித் திறக்கும். கொத்தில் அடுத்த படத்தைப் பாருங்கள்.

பார்க்கிறது, ஆனால் கண்ணில் உயிர் இல்லை

கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு விழவில்லை, அவ்வளவுதான். உங்கள் நிழல் பறவையை நோக்கி விழுந்தால் அந்தப் பொட்டு தானாக வரும். நிழல் காலுக்குக் கீழே சுருண்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இந்த ஊர் வெயிலுக்கு ஒன்பது மணிக்கே புருவத்து நிழல் கண்ணில் விழுந்துவிடும், குளத்துக்கு மேலே கானல் வேறு ஆடத் தொடங்கும். கானலில் எந்த லென்ஸும் தோற்கும். மேகம் மூடிய நாளை வீண் என்று நினைக்காதீர்கள், வானம் முழுக்கக் கண்ணில் விழும். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் கீழேயிருந்தும் வெளிச்சம் ஏறும்.

கரிச்சான், காக்கை, நீர்க்காகம் மூன்றும் தனிச் சோதனை. கறுப்பு முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வெளிச்ச அளவை முக்காலோ ஒரு படியோ கூட்டி வையுங்கள், பின்னணி வெளுத்தாலும் பரவாயில்லை. கரிச்சானின் கண் அடர் சிவப்பு என்பது அப்போதுதான் தெரியும். வெள்ளைக் கொக்குக்கு எதிர்மாறாகக் குறையுங்கள். கணினியில் உட்கார்ந்து கண்ணில் வெள்ளைப் புள்ளி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் இரண்டு திசையிலிருந்து சூரியன் அடிக்கும் படத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தலை உச்சி மட்டும், அல்லது வயிறு மட்டும்

குளத்துக் கரையில் நின்று கீழே மிதக்கும் வாத்தை எடுத்தால் அதன் மண்டைதான் விழும். அது உங்களைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரித்தான் இருக்கும். கரையிலிருந்து இறங்கி, நீர்மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவாருங்கள். வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் தெரியாமல் போவது கூடுதல் லாபம். நெல்லை டவுன் நயினார்குளத்தில் நீர் குறைந்த மாதங்களில் இறங்க இடம் கிடைக்கும், நாமக்கோழிக்கு அது போதும்.

மேலே இருப்பவற்றுக்கு இறங்க முடியாது, தள்ளிப் போகலாம். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க் கோயிலைச் சுற்றி நிற்கும் மருத மரங்கள், 2005-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டவை. அடியில் நின்று அண்ணாந்தால் வயிறும் எச்சமும்தான். ஆற்றுக்குள் மணல்திட்டு வரை விலகிப் போய் எடுங்கள், கோணம் தாழும், முகம் தெரியும். பறவை சிறிதாகும்தான். மரமும் ஆறும் சேர்ந்து வரும், அது ஒன்றும் குறைவில்லை.

தூங்குகிறது

தூங்கட்டும். முதுகில் அலகைச் செருகிய வாத்துக் கூட்டத்தில் ஓரத்தில் இருப்பதைப் பாருங்கள். கூட்டத்துக்கு வெளியே பார்க்கும் கண்ணைத் திறந்துவைத்தே தூங்கும். நீங்கள் வெளியே இருந்தால் அந்தக் கண் உங்கள் மேல்தான். நேர்த்தியான படம் அது, யாரும் எடுப்பதில்லை.

எதுவும் சரிவரவில்லை

அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு எண்ணுங்கள். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் பறவை எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் ஒன்று ஒன்றுதான். முதுகைக் காட்டினால் கணக்கில் சேராது என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு மணி நேரம் எண்ணினால் எந்தத் திட்டில் எது எப்போது வந்து இறங்குகிறது என்பது தெரிந்துவிடும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உட்கார இடம் அமைந்துவிடும்.

மயிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தோகையை விரித்தால் அது பெட்டைக்காக ஆடுகிறது, உங்களுக்காக அல்ல. பெட்டை எங்கே மேய்கிறது என்று பாருங்கள், அதற்குப் பின்னால் தள்ளி உட்காருங்கள். சுற்றிச் சுற்றி ஆடும், ஒரு சுற்றில் முகம் வரும். அந்த முகம் வந்த சுற்றில் பெட்டை நடுவில் வந்து நின்று மறைப்பதற்கு மட்டும் இன்னும் நான் வழி கண்டுபிடிக்கவில்லை.